சனியைப் பக்கவாட்டில் பார்த்த மாலை

அந்த வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடத்தைச் சண்டை போட்டுப் பிடித்து, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எழுந்து நின்றுகொண்டேன். கேன்டீனில் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். தண்ணீரை வைத்துவிட்டு ஊறுகாய் தேடிப் போனேன். எனக்கு ஊறுகாய் பிடிக்காது. வீட்டில் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் தோசை ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டாள். மழைக்காலம், ரத்த ஓட்டம், நடப்பது நல்லது என்று நான் ஏதோ உளறினேன்.

உண்மைக் காரணம் ஒரு தூசி.

ஒரகடத்தில் கார் முகப்பு விளக்குக்கு முன்பக்க லென்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாகக் கடைசிப் பரிசோதனை மேஜை என்னுடையது. பரிசோதனை என்றதும் பெரிய கருவிகளைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு வெள்ளை ட்யூப்லைட், ஒரு கருப்புத் துணி, என் இரண்டு கண்கள். லென்ஸின் மேல்பூச்சுக்குள் தூசி, முடி, குமிழி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மாட்டியிருந்தால் சிவப்பு மார்க்கரால் அதைச் சுற்றி வட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் என் நம்பர் போட்ட முத்திரை. ஊரில் மற்றவர்கள் நிலம் தேடுகிறார்கள், வரன் தேடுகிறார்கள். நான் தூசி தேடிப் பிழைத்தவன்.

கார் கம்பெனியிலிருந்து ஒரு லென்ஸ் திரும்பி வந்திருந்தது. பூச்சுக்குள் ஒரு தூசி. பக்கத்திலேயே, அது யார் விட்டது என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது என்பதுபோலத் தெளிவாக, என் நம்பர்.

இரண்டு கண்கள் என்று மேலே எழுதியது பழைய நிலவரம். ஒரு வருடமாக என் வலது கண் குளியலறைக் கண்ணாடி மாதிரி இருந்தது. குன்றத்தூர் கண்ணாடிக் கடையில் பார்த்தவர் புரை என்றார், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். சீட்டை நான் படித்துக்கொண்டிருந்த தடிமனான புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தேன். அந்தப் புத்தகத்தை அதன் பிறகு திறக்கவில்லை. ஆபரேஷன் என்று சொன்னால் மேஜை போய்விடும். பேக்கிங்கில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்ட அனுப்புவார்கள். திரும்பி வரும்போது அந்த மேஜையில் கேமரா வைத்த ஏதோ ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கும். இதுதான் என் பயம்.

அப்படியானால் வருடாந்திரக் கண் பரிசோதனையில் எப்படித் தேறினேன் என்று கேட்கலாம். முதலுதவி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. உள்ளே திரைக்குப் பின்னால் ஒவ்வொருவரும் சுவரில் தொங்கும் அட்டையைச் சத்தமாகப் படிப்பார்கள். எனக்கு முன்னால் பதினோரு பேர். பதினோரு முறை ஒரே ஐந்து வரி காதில் விழுந்தால் ஓரளவு வாசிப்புப் பழக்கம் உள்ளவனுக்கு மனப்பாடம் ஆகாதா? என் முறை வந்ததும் அட்டை இருந்த திசையை உத்தேசமாகப் பார்த்துக் கடகடவென்று ஒப்பித்தேன். நர்ஸ் பாராட்டினார்.

திரும்பி வந்த தூசிக்கு விசாரணை உண்டு. எங்கள் தொழிற்சாலையில் எது கெட்டாலும் ஒரு தாளை நீட்டுவார்கள். ஏன் என்று ஐந்து முறை கேட்டு ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒய்-ஒய் என்று பெயர். இடது பக்கம், குறை ஏன் உருவானது. அதை லென்ஸுக்குப் பூச்சு அடிக்கும் கோட்டிங் லைனின் லீடர் எழுத வேண்டும். வலது பக்கம், உருவான குறை ஏன் தப்பித்து வெளியே போனது. அதை நான் எழுத வேண்டும். நான் எழுதியது இது: கண்ணில் படவில்லை. ஏன்? தூசி மிகச் சிறியது. ஏன்? மனிதக் கண்ணின் எல்லைக்குக் கீழ்ப்பட்டது. அதற்கு மேல் ஏன் கேட்டால் படைத்தவனைத்தான் கேட்க வேண்டும் என்பதால் மற்ற இரண்டு கட்டங்களில் கோடு போட்டுவிட்டேன். மேனேஜர் அறையில் எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்தே அந்தத் தூசியைப் பார்த்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

வலது பக்கம் இப்படி அடைபட்டதும் பாரம் முழுவதும் இடது பக்கம் சாய்ந்தது. திங்கட்கிழமை கடைசிக் கூட்டம். தப்பு முழுக்கக் கோட்டிங்கில்தான் என்று முடிவானால் லைனுக்கு வேறு லீடரைப் போடப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இப்போதைய லீடர் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். டிப்ளமா முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்து, ஏழு வருடம் நின்றே வேலை பார்த்து அந்த இடத்துக்கு வந்தவள். இதில் எனக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவள் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் குடியிருக்கிறாள். அவள் படியில் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் சமையலறைக்குள் போய் ஊறுகாய் தேடினேன்.

இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை வந்தது. ஷிப்ட் தொடங்குமுன் கைகாலை ஆட்டி, பாதுகாப்பு உறுதிமொழி எடுத்த பிறகு, யாராவது ஒருவர் இரண்டு நிமிடம் பொது அறிவு பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆள் கிடைக்காத நாளெல்லாம் நான்தான். வெளிக்கோள்களின் வளையங்கள் எதனால் ஆனவை என்று அன்றைக்குப் பேசினேன். ஏன் அதை எடுத்தேன் என்று தெரியவில்லை. நல்ல பேச்சு. சனியின் வளையம் தட்டு மாதிரி ஒரே பொருள் இல்லை, கோடிக்கணக்கான துண்டுகள், ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்ப் பனிக்கட்டி, சர்க்கரைத் துகள் அளவிலிருந்து வீடு அளவு வரை என்றேன். வியாழனுக்கும் வளையம் உண்டு, ஆனால் அது வெறும் தூசி. அதன் சின்ன நிலாக்களின் மேல் விண்கற்கள் மோதி எழும்பிய தூசி. ஜல்லி லாரி போன பிறகு வாலாஜாபாத் ரோட்டில் நிற்கிறதே, அந்த மாதிரி என்றதும் சிலர் சிரித்தார்கள். யுரேனஸின் வளையம் கரி போலக் கருப்பு, நெப்டியூனுடையது இருட்டும் தூசியும் என்று முடித்தேன். தூசி என்ற சொல்லை நான் எத்தனை முறை சொன்னேன் என்பது கோட்டிங் லைன் வரிசையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கூட்டம் கலைந்ததும் கோட்டிங் லீடர் நேராக என்னிடம் வந்தாள். ஊறுகாய் தேடி ஓடக் கேன்டீனும் பக்கத்தில் இல்லை. அவளிடம் ஒரு டெலஸ்கோப் இருக்கிறதாம். பழசு, படித்த காலேஜில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து சரிசெய்திருக்கிறாள். மழை விட்டால் நாளைக்குச் சாயங்காலம் மொட்டைமாடியில் சனியைக் காட்டுகிறேன், அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. அதுவே என்னை இன்னும் நடக்க வைத்தது. தூசியைப் பற்றி ஏதோ கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று மதியம் வரை நினைத்தேன். மதியத்துக்கு மேல், வாடகை அறையைக் காலி செய்யப்போவதைச் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். டெலஸ்கோப் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்பது மட்டும் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை மழை விட்டது. ஏழு மணிக்கு மாடி ஏறினோம். நான், மனைவி, சேரப்பணஞ்சேரியிலிருந்து அகத்திக்கீரைக் கட்டோடு வந்திருந்த மனைவியின் அண்ணன். மச்சான் இப்போது ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். அவர் குடும்பத்து நிலத்தின் மேல்தான் ஒரு சேமிப்புக் கிடங்கு நிற்கிறது, அதற்குள்ளேயே ஓட்டுகிறார். எங்கே போகிறோம் என்று கேட்டவரிடம் சனியைப் பார்க்க என்று என் மனைவி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அவர் படியிலேயே நின்றுவிட்டார். கோயிலில் நவகிரகம் சுற்றும்போதுகூட அவர் சனிக்கு நேராக நிற்கமாட்டார். ஒரு அடி தள்ளி நின்று, முகத்தைத் திருப்பியபடி விளக்குப் போடுகிறவர்.

"மாப்ள, உனுக்குத்தான் புத்தி இல்ல. சனிக்கிழமையும் அதுவுமா, அவரு மூஞ்சிய நேருக்கு நேரா எவனாச்சும் பாப்பானா?"

நான் ஏழரை, அஷ்டமம் எல்லாம் மனிதன் கட்டிய கணக்கு என்று ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன். அது வழக்கம்போல எங்கும் போய்ச் சேரவில்லை. லீடர் பெண்தான் அவரை மேலே ஏற்றினாள். குழாயின் அடியில் கண்ணாடி இருக்கிறது, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டில் வருகிறது, கண் வைக்க வேண்டிய துளையும் பக்கவாட்டில்தான் என்று காட்டினாள்.

"நேராப் பாக்கவே முடியாது அண்ணாச்சி. சனி அங்கன ஒசக்க இருக்கு. நீங்க குனிஞ்சு நின்னா உங்க மொகம் மலைக் கோயிலப் பாத்துல்லா இருக்கும்."

மச்சான் துளையின் அருகே நின்று சரிபார்த்தார். எதிரே குன்றத்தூர் மலையில் கோயில் விளக்குகள். முருகனைப் பார்த்தபடி சனியைப் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் வேறு யாராவது முதலில் பார்க்கட்டும் என்றார்.

வேறு யார்? நான் முன்னே போய்க் குனிந்தேன்.

பழக்கதோஷம், வலது கண்ணை வைத்தேன். மங்கலாக, மஞ்சளாக, வீங்கிய ஒரு ஒளி. பக்கத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். பேசாமல் நிமிர்ந்திருக்கலாம். ஆனால் முதல் நாள் நூற்றைம்பது பேர் முன்னால் வளையத்தைப் பற்றிப் பேசியவன் நான். அதன் படம் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். ஒப்பித்தேன்.

ஆகா என்றேன். எவ்வளவு அகலமான வளையம் என்றேன். வளையத்துக்கு நடுவே கருப்பாக ஓர் இடைவெளி உண்டு, அதுகூடச் சுத்தமாகத் தெரிகிறது என்றேன். கண்ணை எடுக்காமலே, அந்தப் பனிக்கட்டித் துண்டுகள் எப்படி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சுற்றுகின்றன, இவ்வளவு பளிச்சென்று இருப்பதற்குப் பனியில் தூசி மிகமிகக் குறைவாக இருப்பதே காரணம், என் மேஜைக்கு வந்தால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். நிமிர்ந்தபோது லீடர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து மச்சான் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வளையம் எங்க கீது? உருண்டையாக் கீது. குறுக்கால ஒரு ஈர்க்குச்சி குத்தி வெச்சாப்ல கீது."

பயிற்சி இல்லாத கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நான் தேற்றினேன். வளையத்தைப் பார்க்கப் பழக வேண்டும், இருபது வருடம் லென்ஸ் பார்த்த கண்ணும் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் கண்ணும் ஒன்றாகுமா என்றுகூடச் சொன்னதாக நினைவு. மனைவி குனிந்தாள். நூலில் ஒற்றை மணி கோத்த மாதிரி இருக்கிறது, நூல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். நீயுமா என்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய வளையத்தை, பூமியை இருபது தடவைக்கு மேல் வரிசையாக அடுக்கலாம் என்கிற அகலத்தை, அண்ணனும் தங்கையும் நூல் என்கிறீர்கள், ஈர்க்குச்சி என்கிறீர்கள்.

லீடர் டெலஸ்கோப்பின் காலைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்துகொண்டு சொன்னாள்.

"சார், இந்த வருசம் வளையம் மூடிருக்கு. வெளிம்பு நம்மளப் பாத்துத் திரும்பிருக்கு. யாரு பாத்தாலும் கோடாத்தான் தெரியும்."

எனக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். படித்திருக்கிறேன். அவ்வளவு அகலமான வளையம் பெரும்பாலான இடங்களில் சில மாடிக் கட்டிடத்தின் உயரம்கூடத் தடிமன் இல்லாதது. பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை நாம் அதை விளிம்போடு பார்க்க நேர்கிறது, அப்போது அது இல்லாததுபோல ஆகிவிடும். நான் விவரித்தது பழைய புத்தகத்துப் படத்தை. பதினோரு பேர் வாயால் கேட்ட அட்டையை ஒப்பித்த அதே வாய்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் மலைக் கோயிலைப் பார்த்தபடி கீழ்க்குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மனைவிதான் கிட்டே வந்தாள்.

"எந்தக் கண்ணால பாத்தீங்க?"

நான் வலது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் என் வலது கண்ணைத் தன் கையால் மூடி, என் பின்கழுத்தைப் பிடித்துத் துளையிடம் குனிய வைத்தாள். இருபத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில் முதல் முறை. இடது கண்ணுக்கு அது தெரிந்தது. சின்ன வெளிர்மஞ்சள் உருண்டை. இரண்டு பக்கமும் மயிரிழைக் கோடு, அவ்வளவு நேராக. அத்தனை கோடிப் பனிக்கட்டியும், வீடு அளவானதும் சர்க்கரை அளவானதும், அந்தக் கோட்டுக்குள். என் மேஜையில் கருப்புத் துணி மேல் இப்படி ஒரு கோடு வந்திருந்தால் கீறல் என்று ஒதுக்கியிருப்பேன். வலது கண்ணாக இருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்.

நிமிராமலே லீடரிடம் கேட்டேன். தெரிந்துதான் கூப்பிட்டாயா?

"இல்ல சார். வளையம் மூடுத வருசம் அபூர்வம்லா, அதான் கூப்பிட்டேன். நீங்க மொதல்ல பாப்பீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாத்துலயும் இவருதான மொத ஆளு," என்றாள் மனைவி.

பிறகு லீடர் சொன்னது மெதுவாக வந்தது. மேனேஜர் அறையில் பூதக்கண்ணாடி கைமாறிக்கொண்டிருந்தபோது, வரிசையில் கடைசியாக நின்ற அவள் கண்ணாடி வருமுன்பே லென்ஸைப் பார்த்திருக்கிறாள்.

"வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சுது சார், அந்தத் தூசி. உங்களுக்கு எப்பிடித் தெரியாமப் போச்சுன்னு ரெண்டு நாளா யோசிக்கேன். சொன்னா, தப்பிக்கப் பாக்கான்னு நெனப்பாங்க."

அவள் பக்கமும் தப்பு உண்டு, காற்று வடிகட்டியை மாற்றத் தாமதமாகிவிட்டது, அதைத் தாளில் எழுதியும் விட்டாள். ஐந்து கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். கோடு போட்டவன் நான் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்தேன். வீட்டுக்குள்ளேயே. மாலையில் அந்தத் தடிமனான புத்தகத்தை எடுத்துச் சீட்டை மனைவியிடம் கொடுத்தேன். அவள் சீட்டைப் படித்தாள், அதை வைத்திருந்த பக்கத்தையும் பார்த்தாள். வெறும் பன்னிரண்டு பக்கம்தான் படித்திருக்கிறேன் என்பதும் அன்றைக்கு வெளிப்பட்டது.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன் முதலுதவி அறைக்குப் போனேன். பெஞ்சில் யாரும் இல்லை, படித்துக் காட்டவும் ஆள் இல்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணுக்குப் பரிசோதனை வைக்கச் சொன்னேன். ஐந்து வரியும் நாக்கு நுனியில் தயாராக நின்றன. முதல் எழுத்து ஏதோ இருக்கிறது, அதற்குக் கீழே பனி என்றேன்.

"போன தடவ கடகடன்னு படிச்சீங்களே சார்?" என்றார் நர்ஸ்.

அது பாராயணம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

கூட்டத்தில் என் தாளைத் திரும்ப வாங்கி வலது பக்கத்தை அடித்துவிட்டு எழுதினேன். தூசி ஏன் தப்பியது? பரிசோதகரின் வலது கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன்? புரை. ஏன் முன்பே கண்டுபிடிக்கவில்லை? கண்டுபிடித்தாயிற்று. பின் ஏன் சொல்லவில்லை? மேஜை போய்விடும். ஐந்தாவது கட்டத்தில் பேனா நின்றது. மேஜை போனால் என்ன என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்வது மேனேஜர் முன்னால் செய்கிற காரியம் அல்ல. ஐந்தாவது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காதென்பதால், மேனேஜர் தாளை வாங்கி எங்கள் தொழிற்சாலையின் எல்லா ஒய்-ஒய்க்கும் கடைசியில் எழுதும் அதே பதிலைத் தானே எழுதினார்: பயிற்சி போதாது. ஒரு வருடம் ஏமாற்றியவனுக்கு எந்தப் பயிற்சி போதவில்லை என்று நான் கேட்கவில்லை.

அவளுடைய லைன் அவளிடமே இருந்தது. வடிகட்டியை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு. எனக்கும் ஒரு கடிதம் வந்தது, அவளுடையதை விட நீளமாக. அன்று மதியமே பேக்கிங்குக்குப் போனேன். டேப் ஒட்டும் வேலை எனக்கு வராது என்பதை அங்கிருந்தவர்கள் இரண்டே பெட்டியில் கண்டுபிடித்தார்கள். பதினைந்து பெட்டி தாண்டியபோது, ஒரு மணி நேரமாக ஸ்டூலை விட்டு எழவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆபரேஷனுக்கு மருத்துவமனையில் சனிக்கிழமைதான் நாள் கிடைத்தது. மச்சான் செய்தி கேட்ட அன்றே சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்து வாசலில் நின்றார். சனிக்கிழமை கத்தி படக்கூடாது, அதுவும் கண்ணில், அதுவும் போன வாரம்தான் அவரைக் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்றார். நான் வாதாடத் தயாரானேன். மனைவி என்னைக் கையமர்த்திவிட்டு அண்ணனிடம் சொன்னாள்.

"டாக்டர பக்கவாட்டுல நின்னுக்கினு பண்ணச் சொல்லிக்கலாம்ணா. அப்ப இன்னா?"

அவர் யோசித்தார். அது பரவாயில்லை என்றார்.

அந்தச் சனிக்கிழமை முகத்தில் பச்சைத் துணியைப் போர்த்திக் கண்ணுக்கு மட்டும் துளை விட்டுப் படுக்க வைத்தார்கள். அசையாமல் இருக்க முடியுமா என்று டாக்டர் கேட்டார், முடியும் என்றேன். ஸ்டூல் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. அவர் என் தலைமாட்டில் உட்காரவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, என் வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.